உப்புத் தெருவும் உங்கள் காரும்: கனடிய வின்டரில் கறளைத் தள்ளி வைக்க ஒரு முழு வழிகாட்டி

ரொறன்ரோவில் டிசெம்பர் பாதி தாண்டினால் எல்லாக் கார்களும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். சிவப்பு, கறுப்பு, நீலம் என்று பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் அழுக்கு வெள்ளை. காரைவிட்டு இறங்கும்போது கதவின் அடியில் காற்சட்டை உரசினால் சுண்ணாம்பு தேய்த்த மாதிரி ஒரு கோடு விழும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் அதைப் பனி என்று நினைப்பார்கள். நாக்கில் வைத்தால் தெரியும், உப்பு. (வைத்துப் பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன்.)

யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் வளர்ந்தவனுக்கு உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சைக்கிள் ரிம், ஜன்னல் கம்பி, கிணற்றுக் கப்பி எல்லாம் கறள் பிடித்துப் பார்த்தவர்கள்தான் நாங்கள். ஆனாலும் ஸ்காபரோவில் வாங்கிய முதல் காரில் அதை மறந்துவிட்டேன். பழைய கார்தான், ஆனால் வெளியே பளபளவென்று இருந்தது. மூன்றாவது வின்டர் முடியும் நேரம், ஒரு சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தேன். கால் கிட்டத்தட்டத் தரைவரை போனது. நல்ல காலம், மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன், முன்னால் யாரும் இல்லை. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

கராஜில் காரை உயர்த்திய தம்பி, அடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். "அண்ணை, இஞ்ச வந்து பாருங்கோ. இதுதான் உங்கட பிரேக் லைன்." பென்சிலைவிட மெல்லிய இரும்புக் குழாய். விரலால் நிமிண்டினான். அப்பளம் போல் உதிர்ந்தது. "மேல நல்லாக் கழுவியிருக்கிறியள். கீழ ஒருக்காலும் கழுவேல்லை போல."

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்: காரைத் தின்பது குளிரில்லை, ஈரமான உப்பு. அது அதிகம் தின்பதும் மைனஸ் 20 அடிக்கும் நாட்களில் இல்லை. பனி கரைந்து தெரு நசநசவென்று கிடக்கும் நாட்களில்தான். ஆகவே கலண்டரைப் பார்த்துக் காரைக் கவனிக்காதீர்கள், வெப்பமானியைப் பாருங்கள்.

1. தெருவில் என்ன போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பனிப்புயல் வருகிறது என்று வானிலை அறிவிப்பு வந்த அடுத்த நாள், தெரு காய்ந்து கிடக்கும்போதே நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் தெரியும். கோலத்துக்கு இழை இழுத்த மாதிரி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. அது உப்புநீர். தண்ணீரில் 23 சதவீதம் அளவுக்கு உப்பைக் கரைத்து, லொறியின் பின்னால் உள்ள குழாய் வரிசையால் முன்கூட்டியே தெளித்துவிடுகிறார்கள். அந்த விகிதத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் கலவை மைனஸ் 21 பாகை செல்சியஸ் வரை உறையாது. உப்பு அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் உறைநிலை மேலே ஏறிவிடும். தண்ணீர் உலர்ந்து உப்பு மட்டும் தாரில் ஒட்டியிருக்கும். பனி விழுந்ததும் அது கரைந்து, பனி தாரோடு இறுகிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். இறுகிய பின் உடைப்பதைவிட இறுகவிடாமல் தடுப்பதற்கு மிகக் குறைந்த உப்பே போதும்.

பனி விழத் தொடங்கியதும் வருவது கல்லுப்பு. லொறியின் பின்னால் சுழலும் தட்டு அதை விசிறி அடிக்கும். இரவில் படுத்திருக்கும்போது தெருவில் நிறுத்திய கார்களில் அது படபடவென்று விழும் சத்தம் கேட்கும். இப்போதெல்லாம் தட்டில் விழும் முன்பே கல்லுப்பை உப்புநீரால் நனைத்துவிடுகிறார்கள். காய்ந்த உப்பு துள்ளித் துள்ளி ஓரத்துக்குப் போய்விடும். நனைந்தது விழுந்த இடத்தில் கிடக்கும், வேலையையும் உடனே தொடங்கும்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? எங்களுக்கு உப்பு என்றால் ஆனையிறவு, வெயில், பாத்தி. ஒன்ராறியோவில் அது நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஹியூரன் ஏரிக்கரையில் கோடரிச் என்றொரு சிறு நகரம். 1866இல் அங்கே எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை, உப்பு கிடைத்தது. 1959இல் திறந்த சுரங்கம் இன்று ஏரிக்கு அடியில் 500 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் விரிந்து கிடக்கிறது. உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு கடல்தான் இப்போது உங்கள் மட்கார்ட்டில் ஒட்டியிருக்கிறது.

ரொறன்ரோ மாநகரசபை ஒரு வின்டருக்குச் சராசரியாகச் சுமார் 1,30,000 தொன் உப்புப் போடுகிறது. மாநகரத் தெருக்களின் நீளம் சுமார் 5,600 கிலோமீற்றர். கணக்குப் போட்டால் ஒரு கிலோமீற்றருக்கு 20 தொன்னுக்கு மேல் வரும். ஆனால் எல்லாத் தெருவுக்கும் சமமாக விழுவதில்லை. நெடுஞ்சாலைக்கும் பேருந்து ஓடும் பெருந்தெருவுக்கும்தான் முதல் கவனிப்பு. பனி தள்ளும் லொறிகளும் அப்படித்தான்: பொதுவாக நெடுஞ்சாலையில் 2.5 சென்ரிமீற்றர் சேர்ந்ததும், பெருந்தெருவில் 5 சென்ரிமீற்றரிலும், குடியிருப்புத் தெருவில் 8 சென்ரிமீற்றரிலும் இறங்குவார்கள். ஆக, ஒவ்வொரு நாளும் 401 நெடுஞ்சாலையில் ஓடி வேலைக்குப் போகிறவரின் கார், பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் காரைவிடப் பல மடங்கு உப்புக் குடிக்கும். கழுவும் கணக்கும் அதற்கேற்றபடி மாற வேண்டும்.

மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சோம்பேறியாகிவிடும். கரைக்கும், ஆனால் மெதுவாக. அப்போது கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கரைசல்களைச் சேர்ப்பார்கள். சில நகரங்கள் பீற்றூட் சீனி ஆலையில் மிஞ்சும் பாகையும் உப்புநீரில் கலக்கின்றன. அது தாரில் ஒட்டிப்பிடிக்கவும் உறைநிலையை இன்னும் கீழே இறக்கவும் உதவுகிறது. தெரு கொஞ்சம் கபில நிறமாகத் தெரியும், அவ்வளவுதான். வினிபெக் போன்ற கடுங்குளிர் நகரங்களில் உப்பை நம்பிப் பயனில்லை என்று மணல் போடுகிறார்கள். மணல் எதையும் கரைக்காது, பிடிமானம் மட்டும் தரும். காருக்குக் கறள் குறைவு, கண்ணாடிக்கு அடி கூடுதல். எட்மண்டனில் கல்சியம் குளோரைட்டைச் சில ஆண்டுகள் சோதனையாகத் தெளித்தார்கள். கார், கொங்கிரீற் எல்லாம் பழுதாகிறது என்று மக்கள் சண்டை பிடித்து, 2019இல் நகரசபை வாக்கெடுப்பிலேயே அது நின்றுபோனது.

உப்பே வேண்டாம் என்று சொல்வது சுலபம். கனடிய அரசு 2001இலேயே, தெருவுப்பு ஆறு குளங்களுக்கும் மீன்களுக்கும் கேடு என்று ஆய்வு செய்து அறிவித்துவிட்டது. ஆனாலும் உறைமழை விழுந்த காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போது அந்த உப்பு லொறியைக் கண்டால் எனக்குக் கும்பிடத்தான் தோன்றும்.

2. உப்பு எப்படித் தின்கிறது

இரும்பு கறளாக மூன்று வேண்டும்: இரும்பு, காற்று, ஈரம். உப்பு சேர்ந்தால் அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். அதோடு உப்பில் உள்ள குளோரைட், உலோகத்தின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தையும் துளைத்துவிடும். அதனால்தான் அலுமினிய ரிம்மும் வெண்பூப் பூத்துக் கொப்பளிக்கிறது.

உறைந்து காய்ந்த உப்பு அதிகம் கடிக்காது. ஆனால் காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். மாரியில் ஊர்க் குசினியில் உப்புச் சாடி கசிந்து கிடக்குமே, அதேதான். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். கல்சியம் குளோரைட்டுக்கு அதைவிடவும் குறைவு. இவை இரண்டும் ஒட்டிய இடம் காய்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதோடு வெப்பநிலை ஏற ஏற வேதிவினை வேகமாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜனவரியில் மைனஸ் 18இல் வெள்ளையாக உறைந்து நிற்கும் கார் ஓரளவு பத்திரம். மார்ச்சில் பிளஸ் 4இல் சேறும் தண்ணீருமாக நனைந்து நிற்கும் கார்தான் உள்ளுக்குள் அரிபடுகிறது.

எங்கே அரிக்கும்? தண்ணீர் தேங்கும் இடத்தில், சேறு ஒளியும் இடத்தில். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, பின் சில்லு வளைவின் உள் விளிம்பு, கதவின் அடி மடிப்பு, பெற்றோல் ராங்கியைத் தாங்கும் பட்டிகள், பெற்றோல் ஊற்றும் குழாய், புகைக்குழாய், அச்சைத் தாங்கும் சட்டகம், பிரேக் லைன். வெளியே பெயின்றில் சிறு கொப்புளம் தெரிந்தால், உள்ளே வேலை எப்போதோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கார்க் கம்பனிகளுக்கும் இது விளையாட்டில்லை. டொயோட்டா தன் பிக்கப் வண்டிகளின் சட்டகம் கறள் பிடித்ததற்காக அமெரிக்காவில் 2016இல் 340 கோடி டொலர் வரை போகக்கூடிய சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2015இல், பழைய கார்களின் அடியைக் கழுவுங்கள், பிரேக் லைனைப் பரிசோதியுங்கள் என்று தனியாக ஓர் எச்சரிக்கையே விட்டது. உங்கள் புதுக் காருக்குக் கறள் உத்தரவாதம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சிறு எழுத்தை வாசித்தால், பெரும்பாலும் தகட்டில் உள்ளிருந்து வெளியே துளை விழுந்தால் மட்டும்தான் அது செல்லும். சும்மா கறள் பிடித்தது கணக்கில் வராது.

3. ஒக்டோபரில் செய்ய வேண்டியது

முதலில் அடிப்பக்கம் உட்பட நன்றாகக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். அதற்குப் பிறகுதான் ஒயில் ஸ்பிரே. அழுக்கின் மேலும் ஈரத்தின் மேலும் ஒயில் அடிப்பது, குளிக்காமல் சென்ற் பூசுவது போல.

கறள் தடுப்பு என்ற பெயரில் மூன்று வகைச் சாமான் விற்பார்கள். ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் அடிக்கும் மெல்லிய ஒயில். க்ரோன், ரஸ்ட் செக் என்று இங்கே தெரிந்த பெயர்கள். கதவு, பொனெற், டிக்கியின் உள் மடிப்புகளுக்கெல்லாம் இது ஊர்ந்துபோகும். சாதாரணக் காருக்கு 150 டொலருக்கு மேல் வரும், ஒன்றிரண்டு நாள் ட்ரைவ்வேயில் சொட்டும், மணமும் இருக்கும். நான் இதைத்தான் செய்கிறேன். சில இடங்களில் ஒயில் விடுவதற்காகக் கதவோரம் சிறு துளை போடுவார்கள். அதில் உத்தரவாதச் சிக்கல் வருமா என்று கார் விற்ற இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தார் மாதிரிக் கனமாகப் பூசும் அடிப்பூச்சு. புதுக் காரில் பார்க்க அழகு. நாலு வருடத்தில் எங்காவது ஒரு வெடிப்பு விழும், அதற்குள் உப்புத்தண்ணீர் புகும், பிறகு வெளியே வர வழியில்லை. மேலே கறுப்பாக நன்றாக இருக்கும், கீழே இரும்பு இருக்காது.

மூன்றாவது, பற்றரியில் பூட்டும் சின்ன மின்பெட்டி. கார் வாங்கும்போது கடைசி மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். கப்பலுக்கும் நிலத்தடிக் குழாய்க்கும் மின்சாரத்தால் கறளைத் தடுப்பது உண்மையான தொழில்நுட்பம்தான். ஆனால் கப்பல் முழுவதும் தண்ணீருக்குள் இருக்கிறது, மின்சுற்று முழுமையாகிறது. கார் காற்றில் நிற்கிறது. அந்தப் பெட்டிக்குக் கேட்கும் காசில் நாலைந்து வருடம் ஒயில் அடிக்கலாம்.

கல் பட்டுப் பெயின்ற் போன இடங்களை, முக்கியமாக பொனெற் முனையையும் சில்லுக்குப் பின்னால் உள்ள பகுதியையும், ஒரு சின்னப் போத்தல் ரச்-அப் பெயின்ற் வாங்கி மூடிவிடுங்கள். அழகு தேவையில்லை, அடைபட்டால் போதும்.

ரயர் பற்றி நீளமாக எழுதினால் அது வேறு கட்டுரை. சுருக்கமாக: 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும், ஆகவே முதல் பனிக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று சிகர மலையும் பனித்துகளும் பொறித்த ரயரை வாங்குங்கள். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி முதல் வின்டர் ரயருக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தில் விலைக்கழிவு தர வேண்டும் என்பது சட்டம். கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். முடிந்தால் வின்டர் ரயரை மலிவான இரும்பு ரிம்மில் தனியாகப் பூட்டி வைத்துவிடுங்கள். நல்ல அலுமினிய ரிம்மை உப்பிலிருந்து காப்பாற்றலாம், ஒவ்வொரு முறையும் ரயரைக் கழற்றி மாட்டும் கூலியும் மிச்சம்.

காருக்குள் துணி விரிப்பை எடுத்துவிட்டு, விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்பைப் போடுங்கள். சப்பாத்தில் வரும் உப்புத்தண்ணீர் கம்பளத்துக்குள் இறங்கினால் அடியில் ஓடும் வயர் இணைப்புகளும் பச்சை பிடிக்கும். ஏற்கெனவே வெள்ளைக் கறை விழுந்திருந்தால், வினாகிரியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், கறை பரவும்.

4. பனி கொட்டும் நாளில்

ஒன்ராறியோவில் நீல விளக்கு மின்னினால் அது பனி தள்ளும் வாகனம். நெடுஞ்சாலையில் மூன்று நான்கு லொறிகள் படிக்கட்டுப் போலச் சாய்வாக வரிசை கட்டிப் போகும். அவசரப்பட்டு இடையில் புகுந்து முந்தாதீர்கள். லொறிகளுக்கு நடுவே பனி மேடாகக் கிடக்கும், எதிரே ஒன்றும் தெரியாது. அவர்களுக்குப் பின்னால் உள்ள தெருதான் அன்றைக்கு நகரத்திலேயே நல்ல தெரு. அதோடு நெருங்கிப் போனால் சுழல்தட்டு வீசும் கல்லுப்பு முழுவதும் உங்கள் கண்ணாடிக்கும் பொனெற்றுக்கும்தான். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40 என்று எழுதியதாக இருக்கட்டும், ஒரு கலன் டிக்கியிலும் இருக்கட்டும். உப்பு நாளில் 401இல் தொட்டி சீக்கிரமே காலியாகிவிடும்.

ட்ரைவ்வேயின் வாயில் லொறி தள்ளிவிட்டுப் போகும் பனிமேட்டைக் காரால் இடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். அது பஞ்சுப் பனியில்லை, உப்பும் ஐஸும் இறுகிய கட்டி. முன் பம்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்ரிக் மூடி அதில்தான் பிய்யும். பிறகு அந்த வழியாக உப்பு எஞ்சின் அடிவரை போகும்.

உங்கள் வாசலில் நீங்கள் போடும் உப்பையும் கவனியுங்கள், கார் நிற்பது அதன் மேல்தான். முதலில் வழித்துத் தள்ளுங்கள், பிறகுதான் உப்பு. ஒரு காப்பிக் கோப்பை நிறைய எடுத்தால் 20 அடி நீள ட்ரைவ்வேக்குப் போதும். கல்லுகள் ஒன்றுக்கொன்று விலகி விழ வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் கோழிக்குத் தீனி எறிவது போல அள்ளி எறிந்து, பனி போன பிறகும் வாசல் வெள்ளையாகக் கிடக்க விடுகிறார்கள். காய்ந்த பிறகு மிஞ்சியதைக் கூட்டி எடுத்து வாளியில் போடுங்கள், அடுத்த முறைக்கு ஆகும்.

5. எப்போது கழுவுவது

"நாளைக்கும் உப்புப் போடுவான், இன்றைக்கு ஏன் கழுவுவான்?" என்று என் மச்சான் கேட்பார். நாளைக்கும் பசிக்கும் என்று இன்று சாப்பிடாமல் இருக்கிறோமா? உப்பு ஒரு நாளில் தின்பதில்லை. மடிப்புக்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, மூன்று நான்கு மாதம் இருந்து தின்கிறது. இடையிடையே கழுவினால் அந்தச் சேர்க்கை உடையும்.

நான் செய்வது இது. கடும் குளிர் வாரத்தில் கழுவுவதில்லை. மைனஸ் 15இல் கழுவினால் கதவு ரப்பர் ஒட்டிக்கொள்ளும், பூட்டு உறையும், பிரேக் உறைந்துபோகவும் கூடும். அந்தக் குளிரில் உப்பும் அவ்வளவாகக் கடிக்காது. வானிலை அறிவிப்பில் வெப்பநிலை சைபரைத் தாண்டப்போகிறது என்று வந்தால், அன்றைக்கோ அதற்கு முதல் நாளோ, மதிய நேரம் பார்த்து கார் வாஷுக்குப் போவேன். ரொறன்ரோவில் டிசெம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் இப்படி எத்தனையோ நாட்கள் வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வாய்ப்புக் கிடைக்கும்.

கார் வாஷில் மேலே பூசும் நுரை, மெழுகு, வாசனை எல்லாவற்றையும் விடுங்கள். அடிப்பக்கம் தண்ணீர் பீச்சும் திட்டத்தைக் கேளுங்கள். அதற்கு மேலாக, காசு போட்டு நாமே கழுவும் இடம் இருந்தால் இன்னும் நல்லது. குழாயைச் சில்லு வளைவுக்குள் விட்டு, மேலிருந்து கீழாகவும் பிறகு உள்விளிம்பு நெடுகவும் அடியுங்கள். முதலில் சாம்பல் சேறு வரும், பிறகு மண் கட்டியாகக் கொட்டும், பிறகு தெளிந்த தண்ணீர். தெளியும் வரை அந்த இடத்தை விடாதீர்கள். கதவைத் திறந்து கீழ்ப்படியையும் கதவின் அடி விளிம்பையும் துடைத்துவிடுங்கள். கதவு ரப்பருக்கு ஒரு தடவை சிலிக்கோன் ஸ்பிரே. முடிந்ததும் வெறும் தெருவில் நாலைந்து முறை மெதுவாகப் பிரேக் பிடித்து ஓடினால் டிஸ்க் காய்ந்துவிடும்.

6. சூடான கராஜ் நல்லதா?

உங்களுக்கு நல்லது, காருக்கு அவ்வளவு நல்லதில்லை. உப்போடு வந்த காரை ஹீற்றர் போட்ட கராஜில் விட்டால் பனி கரைந்து எல்லா மடிப்புக்குள்ளும் ஓடும், இதமான சூட்டில் இரவு முழுவதும் கறள் வேலை நடக்கும். காலையில் வெளியே எடுத்தால் உறையும், மாலையில் மறுபடி கரையும். ஹீற்றர் இல்லாத, காற்றோட்டமான கராஜ் எவ்வளவோ மேல். அடுக்குமாடியின் நிலத்தடித் தரிப்பிடம்தான் உங்களுக்கு என்றால் தேர்வு இல்லை. கழுவும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

7. குழியில் விழுந்தால்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். தார் வெடிப்புக்குள் இறங்கிய நீர் உறைந்து பருத்து, கரைந்து, மறுபடி உறைந்து தெருவை உள்ளிருந்தே பிளக்கும். பெப்ரவரி, மார்ச் மாதக் குழிகள் இப்படித்தான் பிறக்கின்றன. உப்பும் இதற்குக் கை கொடுக்கிறது, கரைவதும் உறைவதுமான சுற்றைக் கூட்டிவிடுகிறது.

சில்லு போய்விட்டால் அங்கேயே படம் எடுங்கள்: குழி, சுற்றுப்புறம், சில்லு, தெருப்பெயர் தெரியும்படி. ஒன்ராறியோவில் தெருப் பழுதால் வந்த சேதத்துக்கு மாநகரசபையிடம் நட்டஈடு கேட்பதென்றால் 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கிடைக்கும் என்று நிச்சயமில்லை. தெருவை நியாயமான கால இடைவெளியில் பார்த்துவந்தோம் என்று அவர்கள் காட்டினால் கோரிக்கை விழுந்துவிடும். ஆனால் 10 நாளைத் தவறவிட்டால் பேசவே இடமில்லாமல் போகலாம்.

8. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

புகைக்குழாயும் இல்லை, பெற்றோல் ராங்கியும் இல்லை, கறளுக்கு வேலையில்லை என்று நினைப்பது பிழை. மின்சாரக் காரில் கால் எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுகிறது, பிரேக் பட்டைக்கு வேலை மிகக் குறைவு. தேய்ந்து பளிச்சென்று இருக்க வேண்டிய டிஸ்க், உப்புத்தண்ணீரில் நனைந்து அப்படியே கிடந்து கறள் பிடிக்கும். பட்டையைத் தாங்கும் ஊசிகளும் இறுகும். வாரம் ஒரு முறையாவது, பின்னால் யாரும் இல்லாத தெருவில் பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த ஊசிகளைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் போடச் சொல்லுங்கள். ஒயில் ஸ்பிரே அடிக்கும் இடத்தில் மின்சாரக் கார் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று தெரிந்தவர்கள்தான் அடிக்க வேண்டும்.

9. பழைய கார் வாங்கப் போகிறீர்களா

பெயின்றைப் பார்க்காதீர்கள். முழங்காலில் இருந்து கீழே பாருங்கள். கைபேசி விளக்கை அடியில் பிடித்துப் படம் எடுங்கள். கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். டங் டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால், அங்கே தகட்டுக்குப் பதில் நிரப்பிப் பூசிய பசை இருக்கிறது. சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது, பசையில் அது ஒட்டாது. பத்து வருடக் காரின் அடி முழுவதும் நேற்றுப் பூசியது போலக் கறுப்பாக மின்னினால் சந்தேகப்படுங்கள். என் முதல் காரும் அப்படித்தான் மின்னியது.

விற்பவர் நல்ல மனுசராகவே இருக்கட்டும். நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் உயர்த்திப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வீட்டுக்கு வாருங்கள். பிரேக் லைன் மாற்ற வேண்டிய நிலை வந்தால், செம்பும் நிக்கலும் கலந்த குழாயைப் போடச் சொல்லுங்கள். இரும்புக் குழாயைவிடக் கொஞ்சம் விலை கூட, ஆனால் உப்புக்கு அசையாது. அந்தக் கராஜ் தம்பி எனக்குப் போட்டுத் தந்தது அதுதான்.

10. ஏப்ரல் கழுவல்

வின்டர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் கையைத் தட்டிவிட்டுப் போகும் நேரத்தில்தான் உப்புக்குக் கொண்டாட்டம். வெயில், மழை, ஈரம், மடிப்புக்குள் நாலு மாதச் சரக்கு. ஆகவே ஆண்டிலேயே முக்கியமான கழுவல் இதுதான். இரண்டு நல்ல மழை பெய்து தெருவில் கிடக்கும் உப்பு கழுவுண்டு போகட்டும், வின்டர் ரயரைக் கழற்றும் நாளைப் பாருங்கள். சில்லு வெளியே இருக்கும்போது வளைவுக்குள் உள்ள பிளாஸ்ரிக் மூடியின் பின்விளிம்பைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால், உள்ளே ஒரு கைப்பிடி ஈரச் சேறு உட்கார்ந்திருக்கும். அதை விரலால் தோண்டி எடுத்துவிட்டு, பிறகு குழாய்த் தண்ணீரைப் பீச்சுங்கள். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. தீக்குச்சியோ ஈர்க்கோ விட்டு அடைப்பை எடுங்கள். அங்கிருந்து கபிலத் தண்ணீர் வடிந்தால், துளை அடைபட்டு உள்ளே நீர் நின்றிருக்கிறது என்று பொருள்.

அடிப்பக்கத்துக்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் அந்த ஆடும் ஸ்பிரிங்ளரைக் காருக்கு அடியில் முன்பக்கம் கால் மணி நேரம், பின்பக்கம் கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம். போன ஏப்ரலில் நான் அப்படி உட்கார்ந்திருக்க, எதிர்வீட்டு அன்ரி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, காருக்குத் தண்ணி வார்க்கிறியளோ? வளருதோ?"